புடவை மூட்டையோடு வந்த துப்பறிவாளர்

சப்ரகமுவவுக்கும் இலையுதிர் காலம் உண்டு. ஐரோப்பாவில் ஒக்டோபரில் வருவது இங்கே தை, மாசியில் வருகிறது. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, புளத்கொஹுபிட்டிய பக்கத்து இறப்பர் மரங்கள் அப்போது சிவந்து பழுத்து ஒரேயடியாக இலை கொட்டும்; பாலும் குறையும். இருட்டிய பிறகு அந்தக் காட்டுக்குள் நடப்பவருக்குத் தன் காலடியில் நொறுங்கும் சருகின் சத்தமே பின்னால் யாரோ வருவதுபோலக் கேட்கும்.

ஆனால் மர்மக்கதைக்கும் பேய்க்கதைக்கும் இந்தப் பக்கத்தில் தோதான பருவம் ஐப்பசியும் கார்த்திகையும்தான். மத்தியானம் திரும்பியதுமே மலை இருண்டுவிடும். இடி ஒரு மலையில் விழுந்து அடுத்த மலையில் உருளும். ஆண்டுக்கு 3500 மில்லிமீட்டருக்கு மேல் மழை காணும் ஊர் இரத்தினபுரி. இறப்பர் மரத்தின் பட்டை நனைந்துவிட்டால் பால்வெட்டு இல்லை. வேலைக்கு இறங்காவிட்டால் அன்றைய கூலிக்கான பேரும் இல்லை. சம்பளத்தை மழைக்குக் கொடுத்துவிட்டு லயத்துக் காம்பராவுக்குள் முடங்கிக் கிடந்த பொழுதுகளில்தான் கதைகள் வளர்ந்தன.

முதலில் வளர்ந்தவை வாய்க்கதைகள். இந்தியாவிலிருந்து ஆட்களோடு முனியும் மாடசாமியும் கடல் தாண்டி வந்தார்கள். தோட்டத்தில் புதிய தெய்வங்களும் பிறந்தன. தேயிலை இஸ்தோரின் சக்கரத்தைக் காக்க ரோதைமுனி வந்தார். தேயிலைச் செடி வெட்டும் காலத்துக்குக் கவ்வாத்துச்சாமி வந்தார். இராக்காவலுக்குப் போனவர் எதைக் கண்டார், எந்த முடக்கில் குதிரைக் குளம்பு கேட்டது என்ற பேச்சுக்கு லயத்தில் ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. அச்சில் வந்தவற்றுள் முந்தியவை பெரிய எழுத்துப் புத்தகங்கள். எழுத்துத் தெரிந்த ஒருவர் விளக்கடியில் உட்கார்ந்து இராகம் போட்டு வாசிக்க, சுற்றியிருந்தவர்கள் கேட்பார்கள். விக்கிரமாதித்தன் கதையில் பிணத்துக்குள் புகுந்த வேதாளம் புதிர் போடுகிறது. பேயும் மர்மமும் ஒரே முருங்கை மரத்தில் தொங்கிய அந்த நூலைத் தமிழின் பழைய திகில் தொகுப்பு என்று சொல்வதில் தவறில்லை.

உதுவன்கந்தையின் கள்வன்

கேகாலை மாவட்டத்தின் பெயர்பெற்ற குற்றக்கதை கொழும்பு–கண்டி வீதியில் நிஜமாகவே நடந்தது. மாவனெல்லைக்குப் பக்கத்தில் நிற்கும் உதுவன்கந்தைப் பாறையை மறைவிடமாக வைத்துக்கொண்டு, கோப்பித் தோட்டங்களுக்குப் போய்வந்த வண்டிகளை மறித்துக் கொள்ளையடித்தவன் சரதியல். 1832இல் பிறந்தவன். பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தான் என்று சிங்களக் கிராமங்கள் அவனை வீரனாக்கின. அவனுடைய உற்ற தோழன் மம்மலே மரிக்கார் ஒரு முஸ்லிம். அரசாங்கம் சரதியலின் தலைக்கு விலை வைத்தது. பழகிய ஆளே காட்டிக்கொடுத்தான். 1864 மார்ச் 21 அன்று மாவனெல்லையில் அவர்கள் இருந்த வீட்டைப் பொலிசார் சுற்றிவளைத்தபோது நடந்த சூட்டில் துவான் சபான் என்ற மலாய் இனக் கொன்ஸ்டபிள் இறந்தார். சரதியலும் மரிக்காரும் மே 7ஆம் திகதி கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள். கடமையில் உயிரிழந்த பொலிசாரை இலங்கைப் பொலிஸ் இன்றும் மார்ச் 21இல்தான் நினைவுகூருகிறது.

இந்தக் கதையில் துப்பறிய ஒன்றுமில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். கொள்ளையடித்தவன் யார் என்பது வண்டிக்காரர் முதல் ஏஜெண்டு துரை வரை எல்லோருக்கும் தெரியும். அவன் எங்கே இருக்கிறான், அங்கே எப்படி நுழைவது என்பதுதான் கேள்வி. தோட்டப்புறத்தின் மர்மங்களுக்கெல்லாம் இந்தக் குணம் பின்னாலும் தொடர்ந்தது.

கோப்பியும் அதிக காலம் நிலைக்கவில்லை. 1869இல் தலைகாட்டிய இலைநோய் அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தோட்டங்களைத் தின்றுதீர்த்தது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. அந்த வீழ்ச்சி லண்டன் வரை கதையானது. ஷெர்லொக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கொனன் டொயில் 1892இல் ‘டி புரொஃபண்டிஸ்’ என்ற சிறுகதையை எழுதினார். இலங்கைக் கோப்பி வர்த்தகத்தில் இருந்த ஓர் ஆங்கிலேயர் அம்மை கண்டு கப்பலில் இறக்கிறார். கடலில் அடக்கம் செய்யப்பட்ட அவருடைய உடல், பின்னால் கப்பலில் வந்த மனைவியின் கண்முன்னே நீரைப் பிளந்துகொண்டு எழுகிறது. கோப்பி அழிந்த மண்ணில் தேயிலையை நட்டு எழுந்த துரைமாரின் துணிச்சலை அதே கதையில் டொயில் வோட்டர்லூ வெற்றிச் சின்னத்துக்கு நிகராகப் புகழ்கிறார். நட்ட கைகள் யாருடையவை என்பது அவருக்குத் தோன்றவில்லை. ஹோம்ஸுக்கும் இலங்கையோடு ஒரு தொடுப்பு உண்டு: 1891இல் வெளிவந்த ‘எ ஸ்காண்டல் இன் பொஹீமியா’வில், திருகோணமலையில் அவர் தீர்த்துவைத்த ஒரு வழக்கு ஒரே வரியில் வந்துபோகிறது.

ஆளும் நாவலும் ஒரே சீமையிலிருந்து

தமிழில் துப்பறியும் கதை 1894இல் தொடங்குகிறது. நாட்டார் கதைகளைத் தொகுத்துப் புகழ்பெற்ற பண்டித நடேச சாஸ்திரி அந்த ஆண்டில் ‘தானவன்’ என்ற பொலிஸ் நிபுணனின் கதைகளை வெளியிட்டார். 1908இல் ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ வந்தது. அதன் துப்பறிவாளர் கோவிந்தன் வீட்டுக்கு வீடு அறிமுகமானார். ஆரணி குப்புசாமி முதலியார் ரெனால்ட்ஸையும் பிற ஐரோப்பிய எழுத்தாளர்களையும் தழுவி எழுதிக் குவித்தார். பூட்டிய அறைக்குள் நடந்த குற்றத்தைப் பற்றிய பிரெஞ்சு நாவல் ஒன்று ‘மஞ்சள் அறையின் மர்மம்’ ஆனதும் அவர் கையால்தான். அவருடைய நீண்ட நாவல்களுள் ஒன்றுக்கு ‘இரத்தினபுரி ரகசியம்’ என்று பெயர். மாணிக்கக் கல் தோண்டும் நம் இரத்தினபுரிக்கும் அதற்கும் பெயரைத் தவிர வேறு உறவில்லை. வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் ‘மேனகா’, ‘கும்பகோணம் வக்கீல்’ என்று எழுதினார். அவர் படைத்த துப்பறிவாளர் திகம்பர சாமியார்.

வடுவூர் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்து ஊர். தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை என்று இதே சீமைகளிலிருந்துதான் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆட்கள் திரட்டப்பட்டார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கி, சென்னையில் ஏறிய பயணி கொழும்பில் இறங்கும் போட் மெயில் வழி திறந்தது. கங்காணியும் ஆட்களும் போன பாதையில் வியாபாரிகள் வந்தார்கள், பத்திரிகைகள் வந்தன, புத்தகங்களும் வந்தன.

சப்ரகமுவ 1889இல் தனி மாகாணமானது. களனிப் பள்ளத்தாக்கின் சிறிய பாதை இரயில் 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓபநாயக்கவுக்கும் எட்டியது. இன்னொரு கிளை எட்டியாந்தோட்டைக்குப் போனது. தேயிலைப் பெட்டியையும் இறப்பர்க் கட்டையும் கொழும்புக்கு இறக்கவென்று போட்ட தண்டவாளம் அது. திரும்பி ஏறும்போது கொழும்புப் பத்திரிகைக்கும் அது பாதையானது.

ஆனால் இரயில் நிலையத்துக்கும் லயத்துக்கும் நடுவே தோட்டத்தின் கேட் இருந்தது. 1920இன் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்றது. பெரும்பாலான தோட்டங்களில் அது ஒரே ஆசிரியரும் ஒரே மண்டபமுமாக இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக விரும்பியவர் ‘துண்டு’ வாங்கவேண்டும். கடன் தீராமல் துண்டு கிடைக்காது. அந்த முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது. வெளியாள் உள்ளே வந்தால் அத்துமீறிய பிரவேசம் என்று வழக்குப் போடலாம். துரைக்குத் தெரியாமல் உள்ளே போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. ஆரணியார் தழுவிய பிரெஞ்சு நாவலில் பூட்டிக் கிடந்தது ஓர் அறைதான்.

லண்டன் தேநீர்க்கடையிலிருந்து

அந்தப் பூட்டைத் திறந்தவர்களில் முதன்மையானவர் கோ. நடேசய்யர். 1887இல் தஞ்சாவூரில் பிறந்தவர். கணக்குப் பரிசோதனை, இன்சூரன்ஸ், எண்ணெய் எந்திரம் என்று காலத்துக்குத் தேவையான விஷயங்களையெல்லாம் தமிழில் எழுதிய மனிதர். தஞ்சாவூரில் வர்த்தகப் பத்திரிகை ஒன்று நடத்தினார். அந்த வேலையாக இலங்கைக்கு வந்தபோது, தோட்டத்தில் ஆட்கள் எப்படி இருக்கிறார்கள் என்று நேரில் பார்க்க விரும்பினார். பத்திரிகைக்காரனாக உள்ளே போக முடியாது. தோட்டங்களுக்குள் போய்வர ஒரு சிலருக்கே அனுமதி இருந்தது. புடவை வியாபாரி அவர்களில் ஒருவர். நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடம் போட்டு உள்ளே போனார். லயத்துக் காம்பராவின் இருட்டு, பற்றுக் கணக்கு, கங்காணியின் கடன், துரையின் சட்டம் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துத் திரும்பினார்.

கொஞ்ச காலத்தில் கொழும்பிலேயே தங்கிவிட்டார். 1921இல் ‘தேசநேசன்’, 1924இல் ‘தேசபக்தன்’ என்று பத்திரிகைகள் நடத்தினார். தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்காவோடு சேர்ந்து கொழும்புத் தொழிலாளரிடையே வேலை செய்தார். பின்னர் அவரைப் பிரிந்து, 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்றே ஒரு சம்மேளனத்தை அட்டனில் தொடங்கினார். சட்டநிரூபண சபையிலும், 1936 முதல் அரசாங்க சபையிலும் உறுப்பினராக இருந்தார். மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளர் துயரைப் பாட்டாக எழுதி மேடைகளில் பாடினார்.

இவ்வளவும் மலையக வரலாறு படித்தவர்களுக்குத் தெரிந்த நடேசய்யர். ‘தேசபக்தன்’ தொடங்கிய அதே 1924இல் அவர் ஒரு துப்பறியும் நூலும் எழுதினார் என்பது பலருக்குப் புதிதாக இருக்கும். நூலின் பெயர் ‘மூலையில் குந்திய முதியோன் அல்லது துப்பறியும் திறம்’.

இதன் மூலம் பரோனஸ் ஓர்க்சி எழுதிய ஆங்கிலக் கதைகள். ஹங்கேரியில் பிறந்து லண்டனில் குடியேறிய ஓர்க்சி அவற்றை 1901 முதல் ஒரு மாத இதழில் எழுதினார். 1909இல் அவை நூலாயின. லண்டனில் ஏ.பி.சி. என்ற தேநீர்க்கடையின் ஒரு மூலையில் கிழவர் ஒருவர் தினமும் வந்து உட்காருவார். கையில் ஒரு துண்டு நூல்கயிறு. பேசப் பேச அதில் சிக்கலான முடிச்சுகளைப் போட்டுப் போட்டு அவிழ்ப்பார். தேநீர்க்கடையில் உட்கார்ந்து அவர் குடிப்பது பால். எதிரே ஒரு பெண் பத்திரிகையாளர். பொலிஸ் கைவிட்ட வழக்குகளைச் செய்தித்தாளையும் மரண விசாரணையில் கேட்டதையும் வைத்தே கிழவர் அவளுக்கு விடுவித்துக் காட்டுவார். குற்றவாளியைப் பிடித்துக்கொடுப்பதில் அவருக்கு அக்கறை கிடையாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே துப்பறியும் பாத்திரங்களின் வரிசையில் இவர் முன்னோடிகளில் ஒருவர்.

பாத்திரத்துக்கும் தமிழாக்கியவருக்கும் இடையே எவ்வளவு தூரம்! ஓர்க்சியின் கிழவர் நாற்காலியை விட்டு எழாமல் உண்மையைக் கண்டுபிடித்து, அதை அங்கேயே விட்டுவிடுகிறார். நடேசய்யர் தலையில் மூட்டையோடு மலையேறிப் போய்ப் பார்த்தார். பார்த்ததைப் பத்திரிகையில் போட்டார், சபையில் பேசினார், சங்கம் வைத்தார். அவருடைய நூல் மலையகத்தின் முதல் நாவலா, வெறும் தழுவலா என்று ஆய்வாளர்கள் வாதாடியிருக்கிறார்கள். மு. நித்தியானந்தனின் ‘கூலித்தமிழ்’ இந்த நூலின் பின்னணியைத் தேடிப்போகும் நல்ல துணை. எப்படிப் பார்த்தாலும், தோட்டத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கிவைத்த பேனாவிலிருந்தே ஒரு துப்பறியும் நூலும் வந்தது என்பது பிற தமிழ்ச் சூழல்களில் எளிதாகக் கிடைக்காத சேர்க்கை.

கொழும்பின் அச்சுக்கூடங்கள்

1930 ஓகஸ்ட் 6இல் பெ. பெ. ஆர். சுப்பிரமணியம் செட்டியார் கொழும்பில் ‘வீரகேசரி’யைத் தொடங்கினார். இந்திய வம்சாவளித் தமிழரை முதன்மையாக எண்ணித் தொடங்கிய நாளிதழ் அது. அதன் ஆசிரியராக இருந்த எச். நெல்லையா ‘சோமாவதி அல்லது இலங்கை இந்தியர் நட்பு’ போன்ற நாவல்களை எழுதினார். ஒரு காதல், ஒரு சூழ்ச்சி, கடைசியில் வெளிப்படும் உண்மை என்ற வடுவூராரின் அடிச்சுவடு, இரட்டைத் தலைப்பு உட்பட, அந்தக் காலத்து ஈழத்து நாவல் பலவற்றில் தெரிகிறது.

பின்னாளில் ‘வீரகேசரி’ ஆசிரியரான கே. வி. எஸ். வாஸ் பகலில் தலையங்கம் எழுதினார். ‘ரஜனி’ என்ற பெயரில் தொடர்கதையும் எழுதினார். ‘குந்தளப் பிரேமா’, ‘தாரிணி’, ‘நந்தினி’ என்று பெண்பெயர் சூடிய மர்ம நாவல்கள். அடுத்த வாரம் என்ன ஆகுமோ என்று வாசகரை ஏங்கவைத்ததில் அவருக்கு இணையான ஈழத்துப் பத்திரிகையாளர் அன்று அரிது. விமர்சகர்கள் இந்த நாவல்களைக் கண்டுகொள்ளவில்லை. கண்டபோதும் ‘பொழுதுபோக்கு’ என்று ஒதுக்கினார்கள். தமிழில் செய்தித்தாள் தவிர வேறு அச்செழுத்து எளிதில் எட்டாத தோட்டத்தில், அந்தத் தொடர்கதைப் பக்கம்தான் நாவல் என்ற வடிவத்தையே பலருக்குப் பழக்கியது.

இந்தியாவிலிருந்து வந்தவற்றில் தமிழ்வாணனுக்குத் தனி இடம். 1948இல் வெளிவரத் தொடங்கிய ‘கல்கண்டு’ இதழில் அவர் உலாவவிட்ட சங்கர்லால் உலகம் சுற்றும் துப்பறிவாளர். அவருக்கு மூளை ஓடவேண்டுமானால் தேநீர் வேண்டும். வழக்கு இறுக இறுகக் கோப்பை கோப்பையாகக் குடிப்பார். தேயிலைக் கொழுந்து பறித்துத் தூசித் தேயிலையின் சாயத்தைக் குடித்தவர்கள் அந்தப் பக்கங்களைப் புரட்டியபோது என்ன நினைத்திருப்பார்கள் என்பது சுவையான கேள்வி.

1970களில் கதவு சாத்தப்பட்டது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டையும் உள்நாட்டுப் பதிப்பையும் காரணம் காட்டி, 1970இல் வந்த ஐக்கிய முன்னணி அரசு தென்னிந்திய இதழ்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அந்த இடைவெளியில் 1972இல் தொடங்கிய வீரகேசரி பிரசுரம் மலிவு விலையில் நாவல்களை வெளியிட்டது. தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ போன்ற மலையக நாவல்கள் ஆயிரக்கணக்கான கைகளுக்குப் போனது அந்த வழியில்தான். 1966இலிருந்து வெளிவந்த ‘மித்திரன்’ மாலை நாளிதழ் கொலை, கடத்தல், கள்ளக்கடத்தல் தொடர்களால் தனக்கென்று ஒரு வாசகர் கூட்டத்தைச் சேர்த்திருந்தது.

ஆனால் தோட்டங்களில் அது பஞ்ச காலம். நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1973, 1974இல் உணவுத் தட்டுப்பாடு லயங்களைப் பிடித்தாட்டியது. 1964இன் இலங்கை–இந்திய ஒப்பந்தப்படி குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறின. 1976இல் அவிசாவளைக்கு அப்பால் சிறிய பாதை இரயிலும் நின்றது. 1977இலும் 1981 ஓகஸ்டிலும் 1983இலும் தமிழருக்கு எதிரான வன்செயல். 1981இல் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகள் கடுமையாக அடிபட்டன. எரிந்த லயங்களிலிருந்து கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடியவர்களில் பலர் வவுனியாப் பக்கம் குடியேறினார்கள். சப்ரகமுவவின் வாசிப்பு வரலாற்றுக்குச் சான்றாகப் பழைய புத்தகங்கள் அதிகம் மிஞ்சாததற்கு மழையையும் கறையானையும் மட்டும் குறை சொல்ல முடியாது.

1977க்குப் பின் இறக்குமதி மறுபடி திறந்தது. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோரின் மாத நாவல்கள் சாணித்தாள் மணத்தோடு பஸ் நிலையக் கடைகளில் தொங்கின. 1972இல் சிவகாசியில் பிறந்த முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி பிள்ளைகளின் கைக்கு வந்தார். ஒரு புத்தகம் அட்டை கழன்று முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் போகும்வரை கைமாறும். கடைசிப் பக்கம் இல்லாத மர்ம நாவலை வாசித்தவர், ஏற்கெனவே வாசித்தவரைத் தேடிப்போய்த்தான் கொலைகாரனைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

செத்தவர் யார்?

இவ்வளவு மர்மக்கதை வாசித்த மண்ணிலிருந்து எழுந்த எழுத்தாளர்கள் ஏன் மர்மக்கதையில் தங்கவில்லை? சி. வி. வேலுப்பிள்ளையிலிருந்து தெளிவத்தை ஜோசப் வரை மலையக இலக்கியத்தின் பெரிய பெயர்கள் யதார்த்தக் கதைக்காரர்கள். துப்பறியும் நாவலுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: குற்றவாளி கடைசிவரை தெரியக்கூடாது. தோட்டத்தில் யார் பேரைக் குறைத்தார், யார் லயத்தைப் பூட்டினார், யார் அடித்தார் என்பது காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்த சங்கதி.

கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தில் 1946இல் நடந்தது இதற்குப் பொருத்தமான வழக்கு. கிராம விஸ்தரிப்புக்கென்று அரசாங்கம் அந்தத் தோட்டத்தை எடுத்துக்கொண்டு தொழிலாளரை வெளியேறச் சொன்னது. அவர்கள் போகவில்லை. எந்த அத்துமீறல் சட்டத்தை ஏய்க்க நடேசய்யர் புடவை மூட்டையைச் சுமந்தாரோ, அதே சட்டத்தின் கீழ், தாங்கள் வாழ்ந்த லயத்துக்குள்ளேயே அவர்கள் அத்துமீறியவர்களாகக் குற்றம் சாட்டப்பட்டார்கள். மாவட்டத்தில் வேலைநிறுத்தம் எழுந்தது. அவர்களில் ஒருவருடைய வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அங்கே நீதிபதிகள் ஆராய்ந்தது நோக்கத்தை. இந்த மனிதர் தங்கியிருந்தது யாருக்காவது தொல்லை கொடுக்கவா, தன் வீட்டை விடாமல் இருக்கவா? வீட்டை விடாமல் இருப்பதே அவருடைய முதன்மை நோக்கம் என்று 1950இல் முடிவானது, குற்றம் நிலைக்கவில்லை.

குற்றவாளி யாரென்று தெரிந்திருக்கும் மண்ணில் மர்மக்கதையின் கேள்வி வேறாகிறது. மைக்கேல் ஒண்டாச்சி 2000இல் எழுதிய ‘அனில்ஸ் கோஸ்ட்’ இதற்கு எடுத்துக்காட்டு. தடயவியல் மானிடவியலாளரான அனில், அண்மைக் காலத்து எலும்புக்கூடு ஒன்றைக் கண்டெடுக்கிறாள். கொன்றது யாரென்ற கேள்விக்கு அங்கே அதிக மர்மமில்லை; கொல்லப்பட்டவர் யார் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் துப்பறிதல். அந்த வேலையின் பெரும்பகுதி நடக்கும் பழைய வளவு எக்னெலிகொடையில் இருக்கிறது. இரத்தினபுரி மாவட்டத்து ஊர்ப்பெயர் அது. எலும்புக்கு உரியவர் கடைசியில் ஒரு காரீயச் சுரங்கத் தொழிலாளி என்று தெரியவருகிறது. 2022இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலக்கவின் ‘த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மேடா’வில் இறந்தவனே ஆவியாக எழுந்து தன் கொலையைத் துப்பறிகிறான். அவனுக்குக் கிடைக்கும் தவணை ஏழு இரவுகள்.

இந்த மழைக்கு எதை எடுப்பது?

பழைய சுவை வேண்டுபவர் ‘கும்பகோணம் வக்கீல்’ பக்கம் போகலாம். நடை இன்றைய வாசகருக்கு நீளம். ஆனால் பொறுமையோடு இருபது பக்கம் தாண்டினால் சூழ்ச்சிகள் இழுத்துக்கொள்ளும். ஓர்க்சியின் கிழவர் கதைகள் ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் முடிபவை. ஒரு மழைக்கு ஒரு கதை என்று வைத்துக்கொள்ளலாம்.

பயம் வேண்டுபவருக்குச் சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’. கணேஷும் வசந்தும் பேய் நடமாடும் ஒரு பழைய வீட்டுக்கு வழக்கறிஞர்களாகப் போகிறார்கள். அறிவியல் இதை விளக்கும் என்று ஒருவர் நினைக்க, மற்றவர் தடுமாற, வாசகர் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார். அடுத்தது இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டுவிடு கருப்பா’. தொலைக்காட்சியில் ‘மர்ம தேசம்’ வரிசையில் ‘விடாது கருப்பு’ என்று வந்த கதை இதுதான். தப்புச் செய்தவரைக் காவல் தெய்வம் இராத்திரியில் குதிரையேறி வந்து தண்டிக்கிறது என்று ஓர் ஊரே நம்புகிறது. முனிக்கும் மாடனுக்கும் கிடாய் வெட்டிய லயங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கருப்பு அந்நியரே இல்லை. ‘டி புரொஃபண்டிஸ்’ அரைமணி நேரக் கதை. கடல் பயத்தோடு கோப்பி காலத்தின் வாடையும் அதில் உண்டு.

‘மூலையில் குந்திய முதியோன்’ மட்டும் கடையில் கேட்டதும் கிடைக்கிற புத்தகம் அன்று. ஓர்க்சியும் நடேசய்யரும் 1947 நவம்பரில் சில நாள் இடைவெளியில் காலமானார்கள். இருவரும் மறைந்து எழுபது ஆண்டு கடந்துவிட்டதால், இலங்கையில் மூலத்துக்கும் தழுவலுக்கும் பதிப்புரிமைத் தடை இல்லை. நூறு ஆண்டு பழைய நடைக்கு ஒரு சொல்லடைவும், எந்தத் தமிழ்க்கதை எந்த ஆங்கிலக் கதையிலிருந்து வந்தது என்று காட்டும் ஒப்பீட்டு அட்டவணையும், நடேசய்யரின் தோட்டப் பயணங்களைப் பற்றி ஒரு முன்னுரையும் சேர்த்து அதை மறுபடி அச்சிடும் வேலையை மலையகப் பதிப்பாளர் யாரும் எடுத்துக்கொள்ளலாம்.